துறைமுகக் கட்டணம் ஏறினால் வெங்காயத்துக்கு எவ்வளவு குறையும்?

தீவுகளுக்குக் காய்கறியும் வெங்காயமும் அனுப்பும் வியாபாரி ஒருவர் மண்டிக்கு வந்து, "துறைமுகத்தில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். இனிமேல் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துத்தான் எடுக்க முடியும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். உழவர் என்ன பதில் சொல்வார்? துறைமுகம் அவர் கண்ணால் காணாத இடம். அங்கே யார், எதற்கு, எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் மூட்டை வண்டியில் ஏறிவிடும். ரூபாயும் குறைந்துவிடும்.

அந்த ஒரு ரூபாயில் துறைமுகத்தின் பங்கு உண்மையில் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். கப்பல் தொழிலில் தேர்ச்சி பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

தூத்துக்குடியும் மாலத்தீவும்

தீவு என்றதும் நம் தென் மாவட்டங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து மாலே ஏறத்தாழ 400 கடல் மைல். மணிக்கு ஆறு கடல் மைல் ஓடும் தோணி மூன்று நாளில் போய்ச் சேரும். சுமார் 1,190 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5,15,000-க்குச் சற்று மேல். பவழ மணலாலான நிலம். நெல்லும் கோதுமையும் விளைய இடமில்லை. உண்ணும் உணவில் பெரும்பகுதியும், வீடு கட்டும் கல்லும் மணலும் கடல் கடந்தே வந்தாக வேண்டும்.

இந்த வணிகத்தின் அளவை அறிய ஒரு கணக்கு. இந்திய அரசு 1981-ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டின் அடிப்படையில் மாலத்தீவுக்கு ஆண்டுதோறும் இன்றியமையாப் பொருள்களுக்கு அளவு ஒதுக்கி வருகிறது. 2024-25-ஆம் ஆண்டுக்கு ஒதுக்கிய அளவில் வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், முட்டை சுமார் 42 கோடியே 75 லட்சம். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கு நாடு முழுவதும் தடை வந்தது. அதன் பின்னும் மாலத்தீவுக்கு இந்த ஒதுக்கீட்டு வழி திறந்திருந்தது. ஆகவே இது சிறிய சந்தையானாலும் நிலையான சந்தை.

தூத்துக்குடித் தோணிகளின் கதை பழையது. கடற்கரையில் ஆழம் போதாததால் அந்நாளில் பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தாம் சரக்கை அங்கே கொண்டு சென்று ஏற்றும். புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் பழைய துறைமுகமும் அதனுடன் இணைக்கப்பட்டது. 2011 முதல் அது வ.உ. சிதம்பரனார் துறைமுகம் என்ற பெயரில் வழங்குகிறது. பெரிய கப்பல்கள் நேரே கரையை அணையத் தொடங்கிய பின், கொழும்பு, மாலத்தீவு, இலட்சத்தீவு என்று குறுகிய கடல் வழிகளே தோணிக்குரியவையாக எஞ்சின. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் இக்கலங்கள் கடலுக்குப் போவதில்லை. எனவே ஆண்டு முழுவதற்குமான செலவை மீதி மாதங்களில் ஓடித்தான் ஈட்ட வேண்டும்.

2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலத்தீவின் வட பகுதியிலுள்ள குலுதுஃபுஷி, மாலே ஆகிய நான்கையும் இணைத்து நேரடிச் சரக்குக் கப்பல் சேவை ஒன்றை இரு நாட்டு அரசுகளும் தொடங்கி வைத்தன. இந்தியக் கப்பல் கழகம் இயக்கிய எம்.சி.பி. லின்ஸ் என்ற அக்கப்பல் 200 இருபதடிப் பெட்டிகளும், அவற்றுடன் 3,000 டன் பொதுச் சரக்கும் ஏற்றக்கூடியது.

கட்டணம் என்பது ஒன்றல்ல

துறைமுகக் கட்டணம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் ஐந்தாறு கட்டணங்களின் கூட்டு. அவை இரண்டு வகை. முதல் வகை கலத்தின் மேல் விழுவது. துறைமுகத்துக்குள் நுழைவதற்கான வரி, வழிகாட்டி அழைத்துச் செல்லும் பைலட் கட்டணம், கரையில் அணைந்து நிற்கும் நேரத்துக்கான பெர்த் வாடகை ஆகியவை இதில் சேரும். கலத்தின் பருமனைப் பொறுத்தும், நின்ற நேரத்தைப் பொறுத்தும் இவை கணக்கிடப்படும். உள்ளே சரக்கு நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் தொகை மாறாது.

இரண்டாவது வகை சரக்கின் மேல் விழுவது. கரையைக் கடப்பதற்கு டன்னுக்கு இவ்வளவு என்று வாங்கும் வார்பேஜ், ஏற்று கூலி, இறக்கு கூலி, கிடங்கு வாடகை என்பன இவை. குளிர்பதனப் பெட்டியானால் மின்சாரக் கட்டணமும் உண்டு. கிடங்கில் சில நாள் இலவசம். அந்த நாள் கடந்தால் தாமதக் கட்டணம் படிப்படியாக ஏறும். அழுகும் சரக்கு வைத்திருப்பவர் இதைக் கண்டு அஞ்சுவது இயல்பே.

இந்த இரு வகையையும் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

கட்டணம் எப்படி ஏறுகிறது?

நம் நாட்டுப் பெருந்துறைமுகங்களின் கட்டணங்களை நிர்ணயிக்க 1997-இல் தனி ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, ஒருமுறை நிர்ணயித்த உச்சக் கட்டணம் ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டெண் உயரும் அளவுக்கு உயரலாம் என்று ஆயிற்று. 2021-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் அந்த ஆணையத்தை விலக்கி, கட்டணம் நிர்ணயிக்கும் பொறுப்பை அந்தந்தத் துறைமுகக் குழுவிடமே கொடுத்தது. மொத்த விலைக் குறியீட்டெண் சில ஆண்டுகளில் அசையாமல் இருக்கும். சில ஆண்டுகளில் தாவும். 2021-22-இல் அது சுமார் 13 சதவீதம் உயர்ந்தது. டீசல், இரும்பு, உரம் ஆகியவற்றின் விலை உயர்வால் உழவரைத் தாக்கும் அதே குறியீட்டெண் துறைமுக வாசலிலும் இன்னொரு முறை தாக்குகிறது.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. வெளிநாடு செல்லும் கப்பல்களின் மீதான கட்டணங்கள் அமெரிக்க டாலரில் குறிக்கப்பட்டு ரூபாயில் வசூலிக்கப்பட்டு வந்துள்ளன. 2010-இல் ஒரு டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது. 2022 ஜூலையில் அது 80 ரூபாயைத் தாண்டியது. 100 டாலர் கட்டணம் அன்று 4,500 ரூபாய். பின்னர் 8,000 ரூபாய். அட்டவணையில் ஓர் எண் கூட மாறவில்லை. இருந்தும் கட்டணம் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது!

இங்கே இன்னொரு வேறுபாடும் உண்டு. உள்நாட்டுக் கரையோரக் கப்பல்களிடம் வாங்கும் கட்டணம் வெளிநாட்டுக் கப்பல் கட்டணத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2005 முதல் ஒரு சலுகை ஏற்பட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் சரக்குக்கு இந்தச் சலுகை பொருந்தும். தூரத்தில் அந்தமானை விடக் கிட்டே இருக்கும் மாலத்தீவு வேறு நாடு என்பதால் அதற்குப் பொருந்தாது. கடல் வணிகத்தில் தூரத்தைவிட எல்லைக்கோடு அதிகச் செலவு வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஒரு தோணியின் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. எந்தத் தோணியின் உண்மைக் கணக்கும் அல்ல. உங்கள் பகுதியில் கிடைக்கும் உண்மைத் தொகைகளை இதே முறையில் பொருத்திப் பார்க்கலாம்.

300 டன் ஏற்றும் தோணி ஒன்று மாலே சென்று திரும்ப ஆகும் மொத்தச் செலவு 9,00,000 ரூபாய் என்க. இதில் எண்ணெய், தண்டல் முதலான ஆள் சம்பளம், சாப்பாடு, பழுதுபார்ப்பு, வட்டி எல்லாம் சேர்ந்து 5,40,000. இரு துறைமுகங்களிலும் கலத்தின் மேல் விழும் கட்டணம் 1,80,000. சரக்கின் மேல் விழுவது டன்னுக்கு 600 வீதம் இன்னொரு 1,80,000. முழுப் பாரம் ஏற்றினால் டன்னுக்கு 3,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 3 ரூபாய் கப்பல் கூலி.

இரு துறைமுகங்களிலும் எல்லாக் கட்டணமும் பத்து சதவீதம் ஏறிவிட்டது என்று கொள்வோம். 3,60,000 ரூபாய்க்குப் பத்து சதவீதம் 36,000. அதை 300 டன்னுக்குப் பகிர்ந்தால் டன்னுக்கு 120 ரூபாய். கிலோவுக்கு 12 காசு.

நூறு காசு குறைத்தவரின் கணக்கில் துறைமுகத்துக்குப் பன்னிரண்டு காசுதான் சேர்கிறது. மீதி 88 காசு எங்கே போயிற்று என்று கேட்பதற்கு முன், இந்தப் பன்னிரண்டு காசையும் அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது. தீவுக் கப்பலில் அது ஏன் உறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். நீண்ட தூரம் போகும் கப்பலில் டன்னுக்குக் கூலி 10,000 ரூபாய் என்றால் 120 ரூபாய் ஏற்றம் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. நம் தோணியில் அதே 120 ரூபாய் நான்கு சதவீதம். கடலில் ஓடும் தூரம் குறையக் குறைய எண்ணெய்ச் செலவு குறையும். ஆனால் இரு கரைகளிலும் கொடுக்க வேண்டிய கட்டணம் குறையாது. பேருந்தில் இரண்டு நிறுத்தம் போகிறவரும் குறைந்தபட்சக் கட்டணம் கொடுத்தே ஆகவேண்டும் அல்லவா, அது போலத்தான். போதாததற்கு, மாலத்தீவிலிருந்து திரும்பி வரும்போது தோணியில் சரக்கு மிகக் குறைவு. போகும் சரக்கே திரும்பும் வழியின் செலவையும் சுமக்கிறது. லாரியானால் திரும்பும் வழியில் நாலு ஊரில் நின்று கிடைத்த பாரத்தை ஏற்றி வரலாம். நடுக்கடலில் ஊர் ஏது?

பாரம் குறைந்தால்

மேலே சொன்ன கணக்கு 300 டன்னும் நிரம்பிய தோணிக்கு. சரக்குச் சேராமல் 200 டன்னுடன் தோணி புறப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டண ஏற்றத்துக்குப் பின் கலத்தின் மேல் விழும் கட்டணம் 1,98,000; மற்றச் செலவு 5,40,000; ஆக 7,38,000. இதை 200 டன்னுக்குப் பகிர்ந்தால் டன்னுக்கு 3,690. சரக்கின் மேல் விழும் 660 ரூபாயையும் சேர்த்தால் 4,350. முழுப் பாரத்தில் இது 3,120 ஆக இருந்தது. வேறுபாடு 1,230 ரூபாய். கிலோவுக்கு ஒரு ரூபாய் 23 காசு!

கட்டணம் பத்து சதவீதம் ஏறியதால் வந்தது 12 காசு. தோணி மூன்றில் ஒரு பங்கு காலியாகப் போனதால் வந்தது 123 காசு. வியாபாரி சொன்ன அந்த ஒரு ரூபாயின் பிறப்பிடம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. தோணிக்காரர் கூலியை உயர்த்தும்போது கட்டண ஏற்றத்தைக் காரணமாகச் சொல்லியிருப்பார். வியாபாரி அதை அப்படியே நமக்குச் சொல்லியிருப்பார். அரை பாரத்துடன் தோணி ஓடுகிறது என்று தொழிலில் யாரும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

பாரம் குறைந்தால் கூலி எவ்வளவு தாவும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் நடந்தது சான்று. 2020-இல் கொரோனா நோயால் சுற்றுலா நின்று சரக்கு குறைந்தபோது, தீவுகளுக்கிடையே சரக்கு ஏற்றிச் செல்லும் யங் பிரதர்ஸ் நிறுவனம் நட்டத்தில் விழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 46 சதவீதக் கூலி உயர்வுக்கு அனுமதி தந்தது. அங்கே அந்தக் கடல் வழிக்கு மாற்று வழி கிடையாது.

காத்திருப்பும் கூலியை உயர்த்தும். மாலே துறைமுகம் இட நெருக்கடிக்குப் பெயர் பெற்றது. அதை வேறு தீவுக்கு மாற்றும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்துள்ளது. ஒரு நாள் காத்திருக்கத் தோணிக்கு 20,000 ரூபாய் செலவு என்று கொண்டால் மூன்று நாளுக்கு 60,000. முழுப் பாரத்தில் கிலோவுக்கு 20 காசு. இதுவும் கட்டண ஏற்றத்தைவிடப் பெரிது. மாலேயில் இறக்கிய சரக்கு அத்துடன் பயணத்தை முடித்துக்கொள்வதுமில்லை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும் தீவுகளுக்குச் சிறு படகுகளில் மறுபடி ஏற்றி, மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வோர் இறக்கத்திலும் கூலி உண்டு, சேதமும் உண்டு. குலுதுஃபுஷிக்கு நேரே கப்பல் விட்டதன் நோக்கம் இதில் ஒரு படியைக் குறைப்பதே.

சுமை யார் தலையில்?

ஏறிய கூலியை வாங்குபவர் கொடுப்பாரா, விளைவித்தவர் கொடுப்பாரா? யாருக்கு வேறு வழி இல்லையோ அவர் கொடுப்பார். உப்பும் அரிசியும் போலத் தீவில் தவிர்க்க முடியாத சரக்குக்கு அங்குள்ள குடும்பமே விலை உயர்வைச் சுமக்கும். இலங்கையிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ அதே காய் கிடைக்குமானால் அங்குள்ள வணிகர் நம் விலையை உயர்த்த விடமாட்டார். அப்போது சுமை இந்தப் பக்கம் திரும்பும். இந்தப் பக்கத்தில் தோணிக்காரருக்கு வேறு சரக்கு உண்டு. வியாபாரிக்கு வேறு ஊர் உண்டு. மண்டியில் மூட்டையை இறக்கிவிட்ட உழவருக்கு அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும்.

எடைக்கு எடை விழும் கட்டணத்தில் இன்னொரு பாரபட்சமும் இருக்கிறது. ஒரு டன் மருந்துக்கும் ஒரு டன் வெங்காயத்துக்கும் ஏற்றம் அதே 120 ரூபாய் என்றால் மருந்துக்கு அது தூசு. கிலோ 20 ரூபாய் விற்கும் வெங்காயத்துக்கு அது கண்ணில் படும். கன அளவு பார்த்துக் கூலி போடும்போது நிலைமை இன்னும் மோசம். கப்பல் கூலியில் ஒரு டன் எடை அல்லது ஒரு கன மீட்டர் இடம், இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கூலி என்பது பரவலான வழக்கம். ஒரு கன மீட்டரில் 400 கிலோ மட்டுமே அடங்கும் காலிபிளவர் போன்ற காய்க்கு 3,120 ரூபாய் கூலி என்றால் கிலோவுக்கு 7 ரூபாய் 80 காசு ஆகிவிடும். 12 காசு ஏற்றம் அங்கே 30 காசாகும்.

டாஸ்மேனியா உழவர் பெற்றது

வெங்காயமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுக் கடல் கடந்து விற்கும் உழவர் வேறு நாட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவில் இவ்விரண்டும் முக்கியப் பயிர்கள். பெருநிலப்பகுதிக்கும் தீவுக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர் அகலமுள்ள கடல். அதைக் கடந்து மெல்போர்ன் துறைமுகம் வழியாகத்தான் பெரும்பாலான சரக்கு போக வேண்டும். சாலை இருந்தால் ஆகும் செலவைவிடக் கடல் செலவு அதிகம். அந்த வேறுபாட்டை உழவர் தாங்க இயலாது என்று கண்டு, 1976-இல் ஆஸ்திரேலிய அரசு கப்பல் கூலிச் சமன்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தீவிலிருந்து போகும் விளைபொருளுக்கும், தீவுக்கு வரும் இடுபொருள்களுக்கும் கூலியின் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது.

2011-இல் தீவிலிருந்து நேரே வெளிநாடு சென்ற பெட்டிக் கப்பல் சேவை நின்றுபோனது. ஏற்றுமதிச் சரக்கும் மெல்போர்ன் சுற்றிப் போக நேர்ந்தது. அடுத்த ஆண்டே விக்டோரியா மாநில அரசு மெல்போர்ன் துறைமுகத்திடம் ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலர் உரிமக் கட்டணம் கேட்டது. துறைமுகம் அதைத் தன் கட்டணத்தில் ஏற்றி வசூலிக்கும் என்பதால் தீவில் எதிர்ப்பு எழுந்தது. தாங்கள் வாக்களிக்காத ஓர் அரசு போடும் வரியைத் தங்கள் விளைபொருள் சுமப்பதா என்பது அவர்கள் கேள்வி. 2016-இல் அத்துறைமுகம் 50 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோது, பெரும்பாலான கட்டணங்கள் விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு போட்டார்கள். அதே ஆண்டு முதல், மெல்போர்ன் வழியாக வெளிநாடு போகும் ஏற்றுமதிச் சரக்குக்கும் இருபதடிப் பெட்டிக்கு 700 டாலர் வீதம் உதவி நீட்டிக்கப்பட்டது.

அந்தத் தீவு உழவர் இந்த உதவியைப் பெற்றது, ஒரு பெட்டி கடலைக் கடக்க எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு அரசிடமும் அவர்களிடமும் எழுத்தில் இருந்ததால்தான் என்பது என் கருத்து. நம்மிடம் இல்லாதது அந்தக் கணக்கு.

பட்டியலைப் பிரித்துக் கேளுங்கள்

மண்டியிலோ வியாபாரியிடமோ கட்டணம் ஏறியது என்று கேள்விப்பட்டால், இரு துறைமுகங்களில் எதில், எந்தத் தேதி முதல், எந்தக் கட்டணம், எத்தனை சதவீதம் என்ற நான்கையும் கேட்க வேண்டும். பெருந்துறைமுகங்கள் தங்கள் கட்டண அட்டவணையை வெளியிடுகின்றன, வலைத்தளத்திலும் கிடைக்கும். தனி உழவர் இதைக் கேட்டால் பதில் வராமல் போகலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கப்பல் கூலி, துறைமுகக் கட்டணம், ஏற்று இறக்கு கூலி, தரகு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதித் தரும் வியாபாரிக்கே சரக்கு என்று ஒரு நிறுவனம் முடிவு செய்தால் மற்றவர்களும் மெல்ல வழிக்கு வருவார்கள்.

பாரக் கணக்கையும் உற்பத்தியாளர் நிறுவனம் ஓரளவு மாற்ற முடியும். தோணி புறப்படும் நாளை முன்கூட்டியே அறிந்து, இரண்டு மூன்று ஊர்ச் சரக்கை அந்த வாரத்துக்கு என்று சேர்த்து வைத்து, இத்தனை டன் உறுதி என்று சொல்ல முடிந்தால் கூலியில் பேரம் பேச இடமுண்டு. நிறைந்த தோணிக்கும் குறைந்த தோணிக்கும் வேறுபாடு கிலோவுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் என்பதை மேலே கண்டோம்.

அழுகலின் விலை

எல்லாவற்றையும்விட உழவர் கையிலேயே இருப்பது அழுகல். பத்து டன் ஏற்றி ஒரு டன் வழியில் கெட்டுப்போனால், பத்து டன்னுக்கும் கொடுத்த கூலியை ஒன்பது டன்தான் சுமக்க வேண்டும். டன்னுக்கு 3,120 என்பது 3,467 ஆகிவிடும். கிலோவுக்கு 35 காசு கூடுதல். கட்டண ஏற்றத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கெட்ட காயின் விலை வேறு. கிலோ 20 ரூபாய் வெங்காயத்தில் பத்தில் ஒன்று கெட்டால் நல்ல காயின் அடக்கவிலை 22 ரூபாய் 22 காசு. வார்பேஜ் வாங்குபவர் மூட்டைக்குள் அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அழுகிய காய்க்கும் முழுக் கட்டணம்தான்.

ஆகவே கடல் கடக்கப்போகும் வெங்காயத்துக்கு அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். பெரிய வெங்காயத்தில் பாதித் தாள் சாய்ந்த பின் பிடுங்கலாம். பிடுங்கிய காயை வயலிலேயே வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி மூன்று முதல் ஐந்து நாள் விட்டுவைக்க வேண்டும். பிறகு நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் உலர்த்தி, இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் கழுத்து விட்டுத் தாளை அறுக்க வேண்டும். கழுத்தை ஒட்ட அறுத்தால் அந்த வாய் வழியாகவே அழுகல் நுழையும். தடித்த கழுத்துக் காய், இரட்டைக் காய், முளை விட்டது, வெட்டுப்பட்டது ஆகியவற்றை மூட்டையில் சேர்க்காமல் உள்ளூர்ச் சந்தைக்கே ஒதுக்கிவிடுவது நலம். அங்கே அவற்றுக்குக் கிடைக்கும் விலை குறைவானாலும் கப்பல் கூலி இல்லை.

வாழையைத் தாராக அனுப்பாமல் சீப்பாக அறுத்துப் பெட்டியில் அடுக்கினால் தார்த்தண்டின் எடை மிச்சம். அது தாரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கும். காலிபிளவர், முட்டைகோஸ் ஆகியவற்றின் வெளி இலைகளை, காய்க்குப் பாதுகாப்பாக ஒன்றிரண்டு மட்டும் விட்டு, மீதியைத் தோட்டத்திலேயே நீக்கிவிடலாம். மாட்டுக்குத் தீவனமாகும். வெங்காயத்துக்குக் கெட்டிச் சாக்கைவிடக் காற்றுப் புகும் வலைப்பை ஏற்றது. மூட்டையின் மேல் விளைந்த ஊர், பறித்த தேதி, எடை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மாலேயில் சேதம் என்று ஒரு குறை திரும்பி வந்தால், அது யார் தோட்டத்துச் சரக்கு, எத்தனை நாள் துறைமுகத்தில் கிடந்தது என்று பிரித்தறிய அந்த மூன்று குறிப்பும் உதவும்.